மாவுப் படுக்கையும் பெரிய டாக்டரின் படமும்

போன வாரம், நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு இளம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. பெரிய டாக்டரின் உருவப்படத்தைப் புதுக் கட்டடத்துக் கூடத்தில் திறந்துவைக்கப் போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான் என்பதால், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு கட்டுரை வேண்டுமாம். அவருடைய முதுகெலும்பு ஆராய்ச்சியைப் பற்றி எழுதினால் விசேஷமாக இருக்கும் என்றார். விழா முடிந்ததும் வந்தவர்களை வைகை அணை பார்க்க வேனில் அழைத்துப்போகும் ஏற்பாடு வரைக்கும் விவரமாகச் சொன்னார்.

காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் காப்பி டம்ளரைக் கீழே எறிந்துவிட்டேன். வயசாகிவிட்டது, கை தவறிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். வயசு இல்லை, கோபம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். கேட்டது இரண்டு பக்கம். எனக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் மலர்க் குழுவின் பாடு.

நான் எல்.எம்.பி. என்ற அந்தக் காலத்து டாக்டர் படிப்பு படித்தவன். படித்த கதை இங்கே வேண்டாம். பிணவறை வாடையும் விடுதிச் சாம்பாரும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஊர்ப் பக்கமே வேலை வேண்டும் என்று தேனிக்கு வந்தேன். ஏலக்காய் எஸ்டேட்காரர்கள் சிலர் சேர்ந்து கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரி அது. முதல் சில வருஷம் மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா கலந்து ஊற்றியதிலேயே போயிற்று. பிறகுதான் பெரிய டாக்டர் என்னை முதுகெலும்பு வார்டுக்கு எடுத்துக்கொண்டார். சந்தோஷமாகப் போனேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலும் அந்த வார்டுக்குத்தான் பேர் இருந்தது.

அந்தப் பேரை அவர் சும்மா வாங்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யன் ஆவேன். முதுகெலும்பில் க்ஷயம் என்கிற காசநோய் வந்து எலும்பு அரித்து, கூன் முடிச்சு விழுந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் மூலையில் போட்டுவிடுவார்கள். அவர் அவர்களை மாவுப் படுக்கையில் கிடத்தி எழுப்பி நடக்கவைத்தார். மாவுப் படுக்கை என்றால் இப்போதைய டாக்டர்களுக்கே தெரியாது. மெல்லிய துணிச்சுருளில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற பாரிஸ் மாவைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றி நாங்களே சுற்றிவைப்போம். சாரல் மாதங்களில் மாவு ஈரம் குடித்துவிடும். இரும்புச் சட்டியில் போட்டு வறுத்த பிறகுதான் தொடச் சொல்வார். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, உடம்பெல்லாம் வாஸலின் தடவி, மேலே ஒரு துணியை ஒட்டினாற்போல் போர்த்த வேண்டும். சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கியதும் எடுத்துப் பிழிந்து, பிடரியிலிருந்து முழங்கால் வரை வரி வரியாகப் போட வேண்டும். உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். விரல் நுனி அழுந்தினால் அந்தப் பள்ளம் உள்பக்கம் மேடாகி, பிறகு அதுவே புண்ணாகும். யாராவது விரலை ஊன்றினால் அவர் திட்ட மாட்டார். அந்தக் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தானே தடவுவார். இறுகியதும் கழற்றி, ஓரம் சீவி, வெயிலில் காயவைத்து, பஞ்சு பரப்பி, அதற்குள் நோயாளியை மல்லாக்கக் கிடத்துவோம். பிறகு மாதக்கணக்கில் அசைவு கிடையாது.

கெங்குவார்பட்டியிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு சிறுமியை நான் மறக்கவில்லை. கால் இரண்டும் செத்த மாதிரி தொங்கின. அந்தப் படுக்கையில் கிடந்து, எலும்பு ஒன்றோடொன்று சேர்ந்து இறுகி, ஒருநாள் எழுந்து வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்கள் பெரிய டாக்டரின் காலில் விழுந்தார்கள். அவர் கையைக் கழுவப் போய்விட்டார். அவ்வளவு தூரம் அவரை நானும் கும்பிட்டிருக்கிறேன்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிடரியிலிருந்து கீழே ஒற்றை விரலால் எலும்பெலும்பாகத் தொட்டுக்கொண்டே போவார். 'பார்ப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம். முதுகு நோயாளிகளை உச்சி வேளையில்தான் பார்ப்பார். கம்பம் பஸ்ஸும் போடிப் பக்கத்து வண்டிகளும் அப்போதுதான் வந்துசேரும் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. பிறகு அதுவே சட்டம் ஆகிவிட்டது. விடிகாலையில் அவர் வார்டுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அவருக்கு ஆராய்ச்சி ஆசை பிடித்தது. பட்டிக்காட்டு ஆஸ்பத்திரியில் மாவுப் படுக்கையால் முதுகெலும்பு க்ஷயத்தைத் தீர்க்கலாம் என்று காட்டி, சென்னையில் டாக்டர்கள் மாநாட்டில் படிக்க ஒரு கட்டுரை தயாரித்தார். ஆசை தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் முதுகு விறைத்த எவன் வந்தாலும் அவருக்கு க்ஷயமாகவே தெரிந்தது. கூன் முடிச்சு இருந்தால் க்ஷயம். இல்லாவிட்டால் ஆரம்ப க்ஷயம். தப்பித்துப் போக யாருக்கும் வழியில்லை.

அந்த நேரத்தில் வந்துசேர்ந்தவர் மைதீன்பிச்சை. உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயசு இருக்கும். கல்யாணமாகித் தவழ்கிற பெண் குழந்தை ஒன்று இருந்தது. கொடிக்கால் வேலை முழுக்கக் குனிகிற வேலை. கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டுவதும், இறக்கி மண்ணில் பதிப்பதும், வாய்க்கால் தண்ணீரை அள்ளி வீசுவதும் முதுகை வளைக்காமல் நடக்காது. ஒரு வருஷமாக இடுப்பில் பிடிப்பு, ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்றார். எப்போது அதிகம் என்று கேட்டேன்.

"சுபுஹுல சஜ்தாவுக்குப் போனா எந்திரிக்க முடியல ஐயா. பக்கத்துல நிக்கிறவுக கையப் புடிச்சுத் தூக்கிவிடுறாக. லுஹருக்கு ஒண்ணும் இல்ல, சுளுவாப் போயிட்டு வந்துர்றேன். கொடிக்கால்ல வேல செஞ்ச அன்னைக்கு இன்னும் தேவல. வேல இல்லாத வெள்ளிக்கெழமதான் பாடாப் படுத்துது."

சுபுஹு என்பது விடியற்காலைத் தொழுகை, லுஹர் மத்தியானத் தொழுகை. சஜ்தா என்றால் நெற்றி தரையில் படப் பணிவது. எனக்குச் சட்டென்று உறைத்தது. முதுகெலும்பு க்ஷயத்துக்கு ஓய்வு சுகம், அசைவு வலி. இவருக்கு எல்லாம் தலைகீழாக இருந்தது. ஓய்வெடுத்தால் விறைக்கிறது, வேலை செய்தால் இளகுகிறது.

பெரிய டாக்டர் அவருக்கும் ஆரம்ப க்ஷயம் என்றே எழுதினார்; படுக்கை செய்வதற்கு முன் காய்ச்சல் பார்ப்பதற்காக அவரை வார்டில் சில நாள் வைத்திருந்தோம். நான் விடிகாலையில் போய் நின்று பார்த்தேன். வராந்தாவில் பாய் விரித்து மேற்கே பார்த்து நிற்பார். குனியும்போது கை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். சஜ்தாவுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். அதே மனிதர், அதே பாய், லுஹர் வேளையில் நெற்றி தரையில் படப் பணிந்து எழுந்துவிடுவார். ஒருநாள் தப்பவில்லை. எந்தக் கருவியும் இல்லாமல், நாளுக்கு ஐந்து வேளை, தன் முதுகைத் தானே சோதித்துக் காட்டிக்கொண்டிருந்தார் மனிதர். இதைவிட நல்ல பரிசோதனையை எந்த மருத்துவக் கல்லூரியும் செய்துகாட்டியிருக்க முடியாது. இடையில் அவருக்கு ஒரு கண் வேறு சிவந்து வலித்தது. முன்பும் இப்படி வந்து போயிருக்கிறது என்றார்.

எல்லாவற்றையும் பெரிய டாக்டரிடம் சொன்னேன். ஒரே ஒருநாள் விடிகாலையில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் வீடு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயேதான் இருந்தது, ஜன்னலைத் திறந்தால் வராந்தா தெரியும். அவர் சிரித்தார். "நமாஸை வச்சு நோய் கண்டுபிடிக்கிற வித்தை எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார். கண் வேறு, முதுகு வேறு என்றும் சொன்னார். வரவில்லை. எழுதும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். வாசல் தாண்டி வந்திருந்தால் போதும்.

இதோடு நின்றிருந்தால் அவருக்குத் தெரியவில்லை என்று மன்னித்திருப்பேன். அவருக்குத் தெரிந்தது. அதுதான் என் கோபத்துக்கு வேர். மதுரைக்கு அனுப்பி எடுத்த எக்ஸ்ரே படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றேன். அரித்துச் சரிந்த எலும்பு எங்கேயும் இல்லை. ஆனால் கீழே, முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேர்கிற இரண்டு மூட்டுகளும் ஓரம் கரைந்து மங்கலாகத் தெரிந்தன, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, இளவயசு ஆண்களுக்கு முதுகையே பிடித்து, சில சமயம் கண்ணையும் சிவக்கவைக்கிற ஒரு மூட்டுவாதம் உண்டென்று சீமைப் பத்திரிகையில் படித்ததாகவும், இது அதுவாக இருக்கலாம் என்றும் அவரே சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"ரெண்டுல எதுவா இருந்தா என்ன? எலும்பு சேர்ந்துட்டா வலி போயிடும். சேர வைக்கிறதுதானே நம்ம வேலை."

இளம் டாக்டர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். க்ஷயத்தில் எலும்பு அரித்துப்போகிறது. அது சேர்ந்து இறுகினால்தான் உடம்பு நிற்கும். அங்கே சேர்வது குணம். இந்த மூட்டுவாதத்தில் எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து முதுகே ஒரே கட்டையாக ஆகிவிடுவதுதான் நோய். அதற்கு அப்போது தீர்க்கமான மருந்து கிடையாது. நாள் தவறாமல் முதுகை வளைத்து, நிமிர்த்தி, மூச்சை இழுத்துவிட்டு, அந்தச் சேர்க்கையைத் தள்ளிப்போடலாம். அசையாமல் கிடத்துவது நோயின் வேலையை நாமே செய்துகொடுப்பது. அவ்வளவு படித்த மனிதர் நோய்க்குக் கூலியாள் ஆனார். எதற்காக? மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டியலில் இன்னொரு முதுகு வேண்டியிருந்தது.

நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தடுத்தேன். அந்தப் படுக்கைக்கு மாவு தொட மாட்டேன் என்று வார்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன். மைதீன்பிச்சையின் அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போங்கள், கொடிக்காலில் வேலை செய்யட்டும், தொழட்டும், வலிக்கு நான் மருந்து தருகிறேன் என்று மன்றாடினேன். அந்த வாரம்தான் கெங்குவார்பட்டிச் சிறுமி நடந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். "பெரிய டாக்டரே சொல்லிட்டாக. அவுகளுக்கு மேல நாம என்னத்தக் கண்டோம்?" என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார், எனக்கு. பெரிய டாக்டர் அந்தப் படுக்கையைத் தன் கையாலேயே போட்டார். என்னைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றினார்.

மாற்றினாலும் நான் போய்ப் பார்க்காமல் இல்லை. க்ஷயக்காரர்களுக்குப் படுக்கையில் போட்ட சில வாரத்தில் வலி தணிந்துவிடும். மைதீன்பிச்சைக்கு ஏறிக்கொண்டே போயிற்று. விடிகிற நேரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு முனகுவார். கை மட்டும் வெளியே இருந்தது. சுபுஹு வந்தால் கையைக் காதுவரை தூக்கி, தொழுகைக்கு மனசில் உறுதி சொல்கிற நிய்யத் வைப்பார், மற்றதெல்லாம் கண்ணாலேயே தொழுவார். முடியாதவர்களுக்கு அப்படி அனுமதி உண்டாம். வலியில் உடம்பை நெளிக்கிறார் என்று நர்சுகள் போய்ச் சொன்னார்கள். அசைவதால்தான் வலி என்று முடிவுகட்டி, பெரிய டாக்டர் முன்பக்கத்துக்கும் ஒரு மாவு மூடி செய்து மாட்டினார். குழந்தையைக் காட்ட மனைவி தூக்கிவந்தபோது, பிள்ளை அப்பாவின் நெஞ்சில் தட்டிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. மூடி தட்டினால் பானை மாதிரிச் சத்தம் கொடுக்கும்.

அடுத்த வருஷம் மாவை உடைத்து எடுத்தார்கள். புதிய எக்ஸ்ரே படம் வந்தது. முதுகெலும்பு முழுக்க ஒன்றோடொன்று பாலம் போட்டு, மூங்கில் கணு மாதிரி ஆகியிருந்தது. பெரிய டாக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், இனிமேல் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவருக்கு எண்ணம். அன்றைக்கு வார்டு முழுவதற்கும் மிட்டாய் கொடுத்தார். மைதீன்பிச்சையை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். நின்றார். கழுத்து திரும்பவில்லை. இடுப்பு மூட்டும் இறுகிவிட்டதால் உட்காரவைக்கப் போனால் பலகையைச் சாய்க்கிற மாதிரி மொத்தமாகச் சாய்ந்தார். இனி அவருக்கு நிற்பதும் படுப்பதும் மட்டும்தான்.

லுஹர் வேளை ஆயிற்று. பழைய வராந்தாவிலேயே மேற்கே பார்த்து நின்றார். கையைத் தூக்கிக் கட்டினார். குனிய வேண்டிய இடம் வந்தது. தோள் மட்டும் லேசாக ஆடியது. அப்படியே நின்றார். தொழுகை முடிந்ததும் உடம்போடு மொத்தமாகத் திரும்பி என்னிடம் கேட்டார்: "எப்பலேர்ந்து குனியலாம்னு சொன்னாக ஐயா?"

அவரைப் பிடித்துக் கட்டிலுக்கு அழைத்துப்போனேன்.

மாநாட்டுக்கு அவரை அழைத்துப்போவதென்று பெரிய டாக்டர் தீர்மானித்தார். நான் கூட வந்தால்தான் வருவேன் என்று மைதீன்பிச்சை சொன்னதால் நானும் போனேன். ரயிலில் உட்கார முடியாது. பெஞ்சில் படுக்கவைத்தே கொண்டுபோனோம். மேடையில் அவரைச் சட்டை இல்லாமல் நிறுத்தி, குச்சியால் முதுகைத் தொட்டுக் காட்டினார் பெரிய டாக்டர். எவ்வளவு நேராக நிற்கிறார் பாருங்கள் என்றார். முன்வரிசையில் இருந்த வயசான டாக்டர் ஒருவர் எழுந்து, நோயாளியைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்கள் என்று கேட்டார். குனியக் கூடாதென்று நோயாளிக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று பெரிய டாக்டர் பதில் சொன்னார். வயசானவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினார்கள். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், நீங்கள் சொன்னது பொய் என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னேன். அப்போதும் அவர் குரல் உயரவில்லை. "அவனுக்கு இப்ப வலி இருக்கான்னு கேளுங்க" என்றார். வலி இல்லைதான். வலிப்பதற்கு அசைகிற மூட்டு ஒன்று வேண்டுமே. ஊருக்குத் திரும்பியதும் வேலையை விட்டேன்.

பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓடிய உலகச் சண்டைக் காலத்தில் கம்பத்தில் தனியாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். முதுகுப் பிடிப்பென்று இளவயசுக்காரர் யார் வந்தாலும் முதல் கேள்வி, விடிகாலையிலா வேலை முடிந்த பிறகா என்பதுதான். சந்தேகம் இருந்தால் என் வீட்டிலேயே தங்கவைத்து, விடியும்போது எழுப்பிக் குனியச் சொல்லிப் பார்ப்பேன். பண்ணைப்புரத்து வண்டிக்காரர் ஒருவருக்கு இதே நோய்தான். வலிக்குச் சாலிசிலேட் மருந்து கொடுத்தேன். காலையும் மாலையும் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கவைத்தேன், மூச்சை அடக்கி விடவைத்தேன், சோம்பினால் வைதேன். நோயைத் தீர்த்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அவர் இன்றைக்கும் குனிந்து தன் மாட்டுக்குத் தானே லாடம் பார்க்கிறார்.

இனி மலர்க் குழுவுக்கு. வந்த இளம் டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். பெரிய டாக்டரின் கட்டுரையில் குணமானவராக வருகிற நோயாளிகளில் மைதீன்பிச்சை இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார்களாம். அவரை வரவழைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். முதல் வரிசையில், படத்துக்கு நேர் எதிரே, நாற்காலி ஒதுக்கியாயிற்றாம்.

நேற்று உத்தமபாளையம் போய் அவரைப் பார்த்தேன். கொடிக்கால் தம்பி கைக்குப் போய்விட்டது. இவர் வரப்பில் நின்று வேலையாட்களுக்குச் சொல்வதோடு சரி. மாவுப் படுக்கைக்குப் பிறகு மகளைத் தரையிலிருந்து தூக்கியதே கிடையாது; யாராவது தூக்கிக் கையில் கொடுக்க வேண்டும். இப்போது பேரன்களும் அப்படித்தான். பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நிற்பாராம். எல்லாரும் சஜ்தாவுக்குப் போகும்போது இவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பாராம். விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், போக வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.

"வாரேன் ஐயா," என்றார். "அன்னைக்கு மேடையில அம்புட்டுப் பேரும் என் முதுகப் பாத்தாக. என்னய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. இப்பவாச்சும் கேக்கட்டும்."

ஆகவே அவர் வருவார். முதல் வரிசையிலேயே இடம் கொடுங்கள். நாற்காலியை மட்டும் எடுத்துவிடுங்கள், அதில் அவரால் உட்கார முடியாது. படத்தைத் திறந்து, எல்லாரும் உட்கார்ந்து, பேச்சு முடிகிற வரைக்கும் அவர் அங்கே நின்றுகொண்டுதான் இருப்பார். பின்னால் இருப்பவர்களுக்குப் பெரிய டாக்டரின் படம் மறைக்கும். மறைக்கட்டும்.